கேமில் வீடியோ ஓடும்போது டீபக்கர் விழுந்தால்: ஐந்து வழிகளில் எதை எடுப்பது?

கேமைத் தனியாக ஓட்டினால், கதை சொல்லும் கட்சீன் வீடியோ ஒழுங்காக ஓடுகிறது. விஷுவல் ஸ்டூடியோவில் எஃப்5 அழுத்தி, அதாவது பிழை தேட உதவும் டீபக்கரின் கீழ் ஓட்டினால், அதே வீடியோ தொடங்கியதும் எல்லாம் விழுகிறது, அதாவது கிராஷ் ஆகிறது. இதில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: டீபக்கரின் அமைப்பை மாற்றிப் பார்க்கலாமா, டீபக்கரே இல்லாமல் வேலையை ஓட்டலாமா, டீபக் பில்டிலிருந்து (பிழை தேடவென்று கம்பைல் செய்த பதிப்பு) வீடியோவைத் தூக்கிவிடலாமா, வீடியோ லைப்ரரியையே மாற்றிவிடலாமா?

நான்குக்கும் ஆதரவாகப் பேச ஆள் இருக்கிறார்கள். நான்குமே எங்கோ, யாருக்கோ வேலை செய்திருக்கின்றன. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கடினமாக இருக்கிறது. ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: மெமரி கருவிகள். ஆபத்தான வகை கிராஷுக்கு உண்மையான பதில் அங்கேதான் கிடைக்கும், ஆனால் எல்லோரும் அதைக் கடைசியில்தான் தொடுகிறார்கள்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீபக்கரில் மட்டும் வரும் கிராஷை டீபக்கரின் குற்றமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல சமயம் அது கேமில் ஏற்கெனவே இருக்கும் பிழைதான். டீபக்கர் அதை வெளியே இழுத்துப் போட்டிருக்கிறது. அந்த அறிகுறியை அணைப்பதற்கு முன் ஒரு தடவையாவது காரணத்தைப் பார்த்துவிட வேண்டும்.

வீடியோ ஓடும்போது மட்டும் ஏன் இப்படி நடக்கிறது? அந்தச் சில நொடிகளில் கேமுக்குள் நிறைய அந்நியர்கள் நுழைகிறார்கள். சுருக்கிய வீடியோவை விரிக்கும் டீகோடர் தன் சொந்த த்ரெட்களை, அதாவது இணையாக ஓடும் வேலைகளை, தொடங்குகிறது. இயங்குதளத்தின் டிஎல்எல்கள் (தனிக்கோப்பாக ஏறும் கோட் தொகுப்புகள்), சில சமயம் வேறு நிறுவனங்களின் டிஎல்எல்கள், உள்ளே ஏறுகின்றன. கேம் வரைந்துகொண்டிருக்கும் அதே ஜிபியு டிவைஸை டீகோடரும் தொடுகிறது. அப்புறம் தரவின் அளவு: 1920×1080 ஃப்ரேம் ஒன்று ஆர்ஜிபிஏ வடிவில், அதாவது ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம், 82,94,400 பைட். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஏறக்குறைய 249 மெகாபைட் ஒரு பஃபரிலிருந்து (தரவை வைக்கும் மெமரித் துண்டு) இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. கணக்கில் ஒரு வரி தவறினாலும் அந்தத் தவறு நொடிக்கு 30 முறை நடக்கும்.

## முதலில், விழுந்தது எது?

'டீபக்கர் கிராஷ்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு சங்கதிகளைச் சொல்கிறோம். இதைப் பிரிக்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் நேரம்தான் வீணாகும்.

வெறும் நிறுத்தம். எக்செப்ஷன் (ஓட்டத்தின் நடுவே எழும் பிழை அறிவிப்பு) என்று ஒரு பெட்டி வருகிறது, கால் ஸ்டாக்கில், அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியலில், தெரியாத டிஎல்எல் பெயர் நிற்கிறது. தொடரும் பொத்தானை அழுத்தினால் வீடியோ ஓடிவிடுகிறது. சரி, இது கிராஷே இல்லை. டீகோடர் தானே எறிந்து தானே பிடித்துக்கொள்ளும் எக்செப்ஷனை, அது பிடிப்பதற்கு முன்பே டீபக்கர் நமக்குக் காட்டுகிறது. ஃபர்ஸ்ட் சான்ஸ் எக்செப்ஷன் என்பது இதுதான்.

சத்தமில்லாத மூடல். எக்செப்ஷன் எதுவும் இல்லை; கேம் தானாக மூடிக்கொள்கிறது, அல்லது வீடியோ மட்டும் ஓட மறுக்கிறது. நகல் பாதுகாப்பு கொண்ட சில கோடெக்குகளும் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் மென்பொருள்) கேமின் மேல் போர்த்தும் பாதுகாப்பு உறைகளும், டீபக்கர் ஒட்டியிருப்பதைக் கண்டால் வேண்டுமென்றே விலகிக்கொள்ளும்.

உண்மையான கிராஷ். ஆக்சஸ் வயலேஷன் (தொடக்கூடாத மெமரியைத் தொட்டது) வருகிறது, அல்லது ஹீப் (கேம் கேட்டு வாங்கும் மெமரி இருக்கும் பகுதி) கெட்டுவிட்டது என்ற செய்தி வருகிறது. தொடர அழுத்தினாலும் தொடராது. ஒரு தடவை வீடியோ த்ரெடில் விழும், அடுத்த தடவை சம்பந்தமே இல்லாத ஒலிக் கோடில் விழும்.

டீபக்கர் உறைவது. விஷுவல் ஸ்டூடியோவே செத்தது போல் தோன்றும். முழுத்திரையைத் தனக்கென்றே பிடித்துக்கொண்ட கேம் ஒரு ப்ரேக்பாயின்டில் (நிற்கச் சொல்லிக் குறித்த வரியில்) நின்றால், திரை அதனிடமே இருக்கும். பின்னால் டீபக்கர் நன்றாகவே இருக்கும், நம்மால் அதை எட்ட முடியாது. ஜன்னல் முறையில் ஓட்டுங்கள், அல்லது இன்னொரு கணினியிலிருந்து ரிமோட் டீபக்கரில் இணையுங்கள். இந்த வகைக்கு இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம். கீழே வரும் ஒப்பீடு முதல் மூன்று வகைக்கானது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல்: இந்த வழியில் காரணம் தெரியவருமா, அறிகுறி மட்டும் மறையுமா? இரண்டுக்கும் இடம் உண்டு, ஆனால் எதைச் செய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும்.

இரண்டாவது, நேரப்போக்கு. வீடியோ ஓட்டி என்பது கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யும் கோட். ப்ரேக்பாயின்டில் 40 நொடி நின்றால் கேமின் த்ரெட்கள் நிற்கும், கணினியின் கடிகாரம் நிற்காது. திரும்ப ஓடத் தொடங்கியதும் வீடியோ ஓட்டி தான் 1,200 ஃப்ரேம் பின்தங்கிவிட்டதாக நினைக்கும். அவற்றையெல்லாம் ஒரே மூச்சில் தாண்டப் பார்க்கும்; 30 நொடி வீடியோவாக இருந்தால் கோப்பின் முடிவையே கடந்துவிடும். அங்கே ஃப்ரேம் இல்லை, வெற்று பாயின்டர்தான் (எதையும் சுட்டாத மெமரி முகவரி) கிடைக்கும். அதைச் சரிபார்க்காத கோட் விழும். டீபக்கரால் வந்த கிராஷ் போலத்தான் தெரியும். ஆனால் விளையாடுபவர் வீடியோவின் நடுவே லேப்டாப்பை மூடித் திறந்தாலும் இதேதான் நடக்கும். இரண்டு அப்டேட்டுகளுக்கு இடையிலான நேரத்துக்கு ஒரு மேல்வரம்பு வைத்து, ஃப்ரேம் இல்லாத நிலையைக் கையாண்டால் இது தீரும்.

மூன்றாவது அளவுகோல்: நாம் எழுதாத டிஎல்எல்லுக்குள் நடப்பதை இந்த வழி பார்க்குமா? வீடியோ விஷயத்தில் பாதிக் கோட் அங்கேதான் ஓடுகிறது.

நான்காவது, மறைந்திருக்கும் செலவு. ஒருவருடைய கணினியில் இலவசமாக இருப்பது, அணி முழுவதற்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவு வைக்கலாம்.

## வழி 1: டீபக்கரின் அமைப்பை மாற்றுவது

வெறும் நிறுத்தத்துக்கு இதுதான் சரியான மருந்து, சில நிமிடத்தில் முடியும். யாரோ ஒரு நாள் 'எல்லா எக்செப்ஷனிலும் நில்' என்று டிக் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். எந்த எக்செப்ஷன் வகையில் நிற்கிறது என்று பார்த்து, அந்த வகையை மட்டும், முடிந்தால் அந்த டிஎல்எல்லுக்கு மட்டும், அணையுங்கள்.

டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கில் எழுதும் கேம்களுக்கு இதில் ஒரு தனிக்கிளை உண்டு. அங்கே டீபக்கர் தானாகவே சில எச்சரிக்கைகளை எழுப்பும். பழைய மேனேஜ்டு டைரக்ட்எக்ஸில் வீடியோ ஓட்டியவர்கள் விஷுவல் ஸ்டூடியோ 2005-இல் லோடர்லாக் எச்சரிக்கையில் (டிஎல்எல் ஏறும் நேரத்தில் டாட்நெட் கோட் ஓட முயல்வதைச் சொல்வது) மாட்டிக்கொண்டார்கள். கேம் தனியாக ஓடும், டீபக்கரில் நிற்கும். இன்னொன்று, ஒரு எஸ்டிஏ த்ரெட் (ஜன்னலின் செய்திகளைக் கவனிக்க வேண்டிய த்ரெட்) 60 நொடி செய்திகளைக் கவனிக்காமல் இருந்தால் எழும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் டெட்லாக் எச்சரிக்கை. முழு வீடியோவையும் ஒரே ஃபங்ஷனுக்குள் ஓட்டி முடிக்கும் கோடில் இது தவறாமல் வரும். எச்சரிக்கையை அணைக்கலாம். ஆனால் 60 நொடி செய்தி கவனிக்காத ஜன்னலை விண்டோஸும் 'பதிலளிக்கவில்லை' என்றுதான் காட்டும். கோடைப் பிரித்து எழுதுவதே நல்லது.

ஆண்ட்ராய்டிலும் இதே கதை வேறு பெயரில் நடக்கிறது. அங்கே ஜாவா பக்கத்தின் ரன்டைம், நல் (வெற்று பாயின்டர்) சரிபார்ப்புக்காக, தவறான மெமரி அணுகலைச் சொல்லும் செக்ஃபால்ட் சிக்னலைத் தானே பயன்படுத்திக்கொள்கிறது. அங்குள்ள டீபக்கரான எல்எல்டிபி அதில் நின்றால் நம் கோட் விழுந்தது போலத் தெரியும். அந்தச் சிக்னலை நிற்காமல் கடத்திவிடச் சொன்னால் போதும்.

இந்த வழியின் இரண்டாவது பாதி டீபக் ஹீப். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். டீபக்கரின் கீழ் பிறக்கும் ப்ராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) விண்டோஸ் வேறு மாதிரியான ஹீப்பைக் கொடுக்கும்: விடுவித்த மெமரியைக் குறிப்பிட்ட பைட்களால் நிரப்பும், ஒவ்வொரு துண்டின் வாலிலும் காவல் பைட்களை வைத்து அவை கலைந்திருக்கின்றனவா என்று பார்க்கும். விஷுவல் ஸ்டூடியோ 2015 முதல் சி++ ப்ராஜெக்ட்களுக்கு இது இயல்பாக அணைந்தே இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் இன்னொரு டீபக்கரான வின்டிபிஜியில் ஓட்டினால் இன்றும் இயல்பாக இயங்கும். ஏற்கெனவே ஓடும் ப்ராசஸில் பிறகு இணைந்தால் இது வராது.

இந்தக் கடைசி விவரம் ஒரு நல்ல சோதனையைத் தருகிறது. கேமைத் தனியாகத் தொடங்குங்கள். வீடியோவுக்குச் சற்று முன் டீபக்கரை இணையுங்கள். கிராஷ் வரவில்லை என்றால் சந்தேகம் ஹீப்பின் மேல். வந்தால், டீபக்கர் இருப்பதே காரணம், அல்லது நேரப்போக்கு காரணம். ஐந்து நிமிடச் சோதனை, தேடும் இடத்தைப் பாதியாகக் குறைக்கும்.

ஆனால் டீபக் ஹீப்பை அணைத்ததும் கிராஷ் போய்விட்டது என்று வேலையை மூடிவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதற்றமாக இருக்கிறது. பஃபருக்கு வெளியே எழுதும் கோட் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. காவல் பைட்கள் மட்டும்தான் போயின.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்றும் உண்டு. விஷுவல் ஸ்டூடியோவின் எக்செப்ஷன் அமைப்புகள் ப்ராஜெக்ட் கோப்பில் சேமிக்கப்படுவதில்லை, பயனரின் தனிக்கோப்பில்தான் இருக்கின்றன. அது வெர்ஷன் கன்ட்ரோலுக்குப் போகாது. நீங்கள் இன்று தீர்த்ததை அடுத்த மேசைக்காரர் நாளை முதலிலிருந்து தீர்ப்பார். எதை, ஏன் அணைத்தோம் என்று ப்ராஜெக்டின் குறிப்பில் இரண்டு வரி எழுதி வையுங்கள். ஆக்சஸ் வயலேஷனை மட்டும் ஒட்டுமொத்தமாக அணைக்காதீர்கள். உண்மையான கிராஷ் முதலில் நடந்த இடம் கையை விட்டுப் போய்விடும்.

## வழி 2: டீபக்கர் இல்லாமல் ஓட்டி டம்ப் எடுப்பது

கேம் தன் போக்கில் ஓடட்டும். விழும் கணத்தில் அதன் மெமரி முழுவதையும் ஒரு கோப்பில் எழுதி, டம்ப் எனப்படும் அந்தக் கோப்பைப் பிறகு டீபக்கரில் திறப்பது. நேரப்போக்கை மிகக் குறைவாகக் குலைப்பது இந்த வழிதான். டீபக்கர் இருந்தால் விலகிக்கொள்ளும் பாதுகாப்பு உறைகளோடு ஒத்துப்போவதும் இதுவே.

விண்டோஸில் இதற்கு இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒன்று விண்டோஸின் பிழை அறிக்கை வசதி. ரெஜிஸ்ட்ரியில் லோக்கல்டம்ப்ஸ் என்ற கீயை உருவாக்கி முழு டம்ப் வேண்டும் என்று சொன்னால், எந்தக் கருவியும் ஒட்டாமலேயே கிராஷ் ஆனதும் கோப்பு கிடைக்கும். இயல்பாக 10 டம்ப் வரை வைத்துக்கொள்ளும். இன்னொன்று சிஸ்இன்டர்னல்ஸின் ப்ராக்டம்ப். இது நெகிழ்வானது, ஆனால் எக்செப்ஷனுக்காகக் காத்திருக்கும்போது அது தானே ஒரு டீபக்கராகத்தான் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே சத்தமில்லாத மூடல் வகைக்கு ப்ராக்டம்ப் உதவாது, முதல் வாசல்தான்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பல எஞ்சின்கள் தங்கள் சொந்த கிராஷ் ஹேண்ட்லரை நிறுவிக்கொள்கின்றன. கிராஷை அது விழுங்கிவிட்டால் விண்டோஸுக்குச் செய்தியே போகாது, டம்ப் வராது. அதற்கு நேர்மாறாக, டீபக்கர் ஒட்டியிருக்கும்போது அந்த ஹேண்ட்லர் அழைக்கப்படுவதே இல்லை. உங்கள் ஹேண்ட்லரே வீடியோ த்ரெடைப் பூட்டிவிட்டு உறைகிறது என்றால், டீபக்கரில் எவ்வளவு தேடினாலும் அது தெரியாது.

இன்னொன்று, விண்டோஸில் படம் வரையும் டைரக்ட்3டியின் டீபக் லேயர் (தவறான அழைப்புகளைச் சரிபார்க்கும் அடுக்கு). 'பிழை வந்தால் நில்' என்று அதில் அமைத்திருந்தால் அது ஒரு ப்ரேக்பாயின்டை எழுப்பும். டீபக்கர் இருந்தால் நிற்கும். இல்லாவிட்டால் பிடிக்க ஆளில்லாமல் கேமே விழும். நீங்கள் தேடும் கிராஷுக்குப் பதிலாக இதன் டம்ப்தான் கையில் கிடைக்கும். டம்ப் எடுக்கும் ஓட்டத்தில் இந்த அமைப்பை அணைத்துவிடுங்கள். டீபக்கரில் ஓட்டும்போது மட்டும் அதைத் திரும்பப் போட்டு, அது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

செலவு? முழு டம்ப் ப்ராசஸ் பிடித்திருக்கும் மெமரி அளவுக்கு இருக்கும். பெரிய கேமில் பல ஜிகாபைட். அதைப் படிக்க அந்தக் குறிப்பிட்ட பில்டின் பிடிபி கோப்பு (ஃபங்ஷன் பெயர்களும் வரி எண்களும் இருக்கும் கோப்பு) வேண்டும், அதற்கு 'ஏறக்குறைய' அதே பில்ட் போதாது. மைக்ரோசாஃப்டின் டிஎல்எல்களுக்கு அவர்களின் சிம்பல் சர்வரிலிருந்து ஃபங்ஷன் பெயர்கள் கிடைக்கும்; மற்ற நிறுவனங்களின் கோடெக்குக்கு வெறும் முகவரிகள்தான். ஜிபியு பக்கத்து மெமரி டம்பில் இருக்காது.

மிகப் பெரிய குறை வேறு. டம்ப் காட்டுவது கடைசிக் கணத்தை மட்டுமே. ஹீப் கெட்டுப்போன கிராஷில் விழுந்தவன் வேறு, தள்ளியவன் வேறு. ஒலிக் கோட் விழுந்திருக்கும். பத்து ஃப்ரேமுக்கு முன் வீடியோ கோட் அதன் மெமரியில் எழுதியிருக்கும். டம்ப் ஒலிக் கோடைத்தான் கை காட்டும்.

## வழி 3: மெமரி கருவிகள்

உண்மையான கிராஷ் என்று தெரிந்துவிட்டால் நேராக இங்கே வந்துவிடுங்கள். வீடியோவில் இந்த வகைப் பிழை எப்படி உருவாகிறது என்று ஒரு உதாரணத்தோடு பார்த்தால் கருவிகளின் வித்தியாசம் புரியும்.

எச்.264 என்ற சுருக்க முறை வீடியோவை 16×16 புள்ளிக் கட்டங்களாகத்தான் வைத்திருக்கும். 1080 என்பது 16-ஆல் வகுபடாது. ஆகவே டீகோடருக்கு உள்ளே ஃப்ரேமின் உயரம் 1088. கடைசி 8 வரியைக் காட்ட வேண்டாம் என்ற குறிப்பு தனியே இருக்கும். நீங்கள் 1080 வரிக்குத்தான் பஃபர் ஒதுக்கி, டீகோடர் 1088 வரியையும் எழுதினால், என்வி12 வடிவில் (ஒரு புள்ளிக்கு 1.5 பைட்) 23,040 பைட் வெளியே வழியும், ஆர்ஜிபிஏவில் 61,440. தனியாக ஓடும்போது அந்த இடத்தில் பயன்படாத மெமரி இருந்தால் யாருக்கும் தெரியாது. டீபக்கரில் ஹீப்பின் அமைப்பு மாறியதும் அங்கே காவல் பைட்களோ வேறொருவரின் தரவோ வந்துவிடும். 'டீபக்கரில் மட்டும் விழுகிறது' என்பதற்குப் பின்னால் இருக்கும் கதைகளில் இது மிகவும் வழக்கமானது.

இதன் சகோதரப் பிழைகளும் உண்டு. ஒரு வரியின் நீளம் அகலத்துக்குச் சமம் என்று நினைத்துக்கொள்வது. உண்மையில் டெக்ஸ்சரின் (ஜிபியு வைத்திருக்கும் படத்தின்) வரி நீளம் டிரைவருக்கு ஏற்றபடி கூடுதலாக இருக்கும். எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த லைப்ரரியின் டீகோடருக்குக் கொடுக்கும் பஃபரின் கடைசியில் 64 பைட் கூடுதல் இடம் விடாமல் கொடுப்பது. டீகோடர் வேகத்துக்காகச் சற்றுத் தாண்டிப் படிக்கும் என்று அதன் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. வீடியோவை நிறுத்தியதும் பஃபரை விடுவித்துவிடுவது, டீகோடர் த்ரெட் இன்னும் ஒரு ஃப்ரேம் எழுதிக்கொண்டிருக்கும்போதே.

பேஜ் ஹீப் விண்டோஸிலேயே உள்ள வசதி. ஜிஃப்ளாக்ஸ் கருவியில் ப்ராசஸின் பெயரைக் கொடுத்து இயக்கலாம். ஒவ்வொரு ஒதுக்கீட்டையும் ஒரு பக்கத்தின் முடிவில் வைத்து, அடுத்த பக்கத்தைத் தொட முடியாததாக்கிவிடும். வெளியே எழுதிய அந்த நொடியிலேயே, எழுதிய இடத்திலேயே கேம் விழும். திரும்ப கம்பைல் செய்ய வேண்டாம். முக்கியமாக, எழுதியது உங்கள் கோடா, அந்நிய கோடெக் டிஎல்எல்லா என்று அது பார்ப்பதில்லை, இரண்டையும் பிடிக்கும். விலை மெமரி. 10 பைட் கேட்டாலும் ஒரு 4 கிலோபைட் பக்கமும் பக்கத்தில் ஒரு காவல் பக்கமும் போகும். 32 பிட் கேம் முகவரி தீர்ந்து வேறு காரணத்தால் விழலாம். சீரமைப்புக்காக விடும் இடைவெளியால் ஓரிரு பைட் வழிவது உடனே சிக்காமல், விடுவிக்கும்போதுதான் தெரியும்.

அட்ரஸ் சானிடைசர் விஷுவல் ஸ்டூடியோ 2019-இன் 16.9 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. கிளாங், ஜிசிசியில் அதற்கு முன்பே உண்டு. கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு மெமரி அணுகலையும் சரிபார்க்கும் கோடைச் செருகிவிடும். ஸ்டாக்கில் உள்ள பஃபர், குளோபல் மாறி இரண்டையும் கூடக் கவனிக்கும்; பேஜ் ஹீப்பால் அது முடியாது. எங்கே ஒதுக்கியது, எங்கே விடுவித்தது, எங்கே தொட்டது என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் அதனோடு கம்பைல் ஆகாத டிஎல்எல்லுக்குள் நடக்கும் எழுத்தை அது பார்க்காது. 1088 வரி உதாரணத்தில் எழுதுவது கோடெக் என்றால் சானிடைசர் பேசாமல் இருக்கும்.

ஆகவே என் கணக்கு: டீகோடர் மூடிய டிஎல்எல் என்றால் பேஜ் ஹீப், டீகோடரின் மூலக்கோடையும் நீங்களே கம்பைல் செய்கிறீர்கள் என்றால் சானிடைசர்.

இரண்டுக்கும் பொதுவான குருட்டுப் புள்ளிகளும் இருக்கின்றன. எஞ்சின் பெரிய துண்டாக மெமரி வாங்கித் தானே பங்கிட்டுக் கொடுக்கிறது என்றால், அந்தப் பங்குகளுக்கு இடையிலான வழிதல் தெரியாது. சோதனை ஓட்டத்தில் மட்டும் நேரடி ஒதுக்கீட்டுக்கு மாறும் ஒரு ஸ்விட்ச் வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் மேப் செய்து கொடுத்த டெக்ஸ்சர் மெமரியும் இவற்றின் எல்லைக்கு வெளியே. இரண்டு த்ரெட்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொடும் போட்டியையும் இவை பிடிக்காது. டைரக்ட்3டி 11 டிவைஸை விண்டோஸின் வீடியோ வசதியான மீடியா ஃபவுண்டேஷனோடு பகிரும்போது மல்டித்ரெட் பாதுகாப்பைத் தனியே இயக்க வேண்டும். அதை மறந்தால் எப்போதாவது விழும், நேரப்போக்கு மாறினால் அடிக்கடி விழும். கருவியைத் தொடங்கும் முன் அந்த ஒரு வரி கோடில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கருவிக்குச் செல்லும் முன் கண்ணாலேயே படிக்க ஒரு தடயமும் உண்டு. டீபக் பில்டில் பாயின்டரின் மதிப்பு சிடி, சிடி (பதினாறடிமான எண்ணில் CD) என்று நிரம்பியிருந்தால் ஒதுக்கிய பிறகு எதுவும் எழுதாத மெமரி. டிடி, டிடி (DD) என்று நிரம்பியிருந்தால் விடுவித்த பிறகு தொட்டிருக்கிறோம்.

இதிலெல்லாம் சிக்காதவற்றுக்கு வின்டிபிஜியின் டைம் ட்ராவல் டீபக்கிங் இருக்கிறது. ஓட்டம் முழுவதையும் பதிந்துகொண்டு பின்னோக்கி நடக்கலாம்; தள்ளியவனைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம். 10 முதல் 20 மடங்கு வேகம் குறையும் என்பதால் வீடியோ சிக்கிச் சிக்கித்தான் ஓடும். நேரப்போக்கு சார்ந்த பிழை மறைந்துவிடலாம். பதிவுக் கோப்பும் வேகமாகப் பெருகும். வீடியோ தொடங்குவதற்குச் சற்று முன் பதிவைத் தொடங்குவது நல்லது.

## வழி 4: டீபக் பில்டில் வீடியோவைத் தவிர்ப்பது

கட்சீனைத் தாண்டும் ஒரு ஸ்விட்ச் எல்லா அணியிலும் இருக்க வேண்டியதுதான். நாளுக்குப் பலமுறை கேமைத் தொடங்குபவர் அறிமுக வீடியோவை ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அது வசதிக்கான ஸ்விட்ச், கிராஷுக்கான தீர்வு அல்ல. வீடியோ கோட் டீபக் பில்டில் ஓடுவதே இல்லை என்றால், அங்கே உள்ள சரிபார்ப்புகள் அதைத் தொடவே தொடாது. பிழை நேராக வெளியீட்டு பில்டுக்குப் போகும்.

முழுவதும் தவிர்ப்பதற்குப் பதில் இரண்டு நொடி சோதனை வீடியோ ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அதன் அளவு 16-ஆல் வகுபடாததாக இருக்கட்டும், 854×480 மாதிரி. வேலையும் தாமதமாகாது, கோடும் ஓடும், அகலக் கணக்கில் தவறு இருந்தால் அங்கேயே சிக்கும்.

## வழி 5: டீகோடரை மாற்றுவது, அல்லது வெளியேற்றுவது

விண்டோஸின் பழைய வீடியோ வசதியான டைரக்ட்ஷோவில் இன்னும் ஓடும் பழைய கேம் என்றால் இதைத் தீவிரமாக யோசியுங்கள். டைரக்ட்ஷோ, அந்தக் கணினியில் யார் எந்த ஃபில்டரை (டீகோடர் போன்ற துண்டு) நிறுவியிருந்தாலும் முன்னுரிமை எண்ணைப் பார்த்து அதை உங்கள் கேமுக்குள் ஏற்றிவிடும். பயனர் எப்போதோ நிறுவிய கோடெக் தொகுப்பு உங்கள் ப்ராசஸில் விழும், பழி உங்களுக்கு வரும். ஒருவருடைய கணினியில் மட்டும் டீபக்கர் விழுகிறது என்றால், விழும் நேரத்தில் ஏறியிருக்கும் டிஎல்எல் பட்டியலை இரண்டு கணினிகளில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மீடியா ஃபவுண்டேஷனுக்கு மாறினால் இந்தக் குழப்பம் பெருமளவு குறையும், ஹார்ட்வேர் டீகோடிங்கும் கிடைக்கும். விண்டோஸின் 'என்' (N) பதிப்புகளில், அதாவது மீடியா வசதி நீக்கிய பதிப்புகளில், அது இயல்பாக இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

டீகோடரைக் கேமோடேயே கட்டிக்கொள்வது இன்னொரு திசை. தியோரா, விபி8, எம்பெக்-1 போன்றவற்றின் திறந்த டீகோடர்களை மூலக்கோடோடு சேர்த்துக்கொள்ளலாம். கோடோ எஞ்சின் இயல்பாகத் தருவது ஆக் தியோரா மட்டுமே. பிங்க் மாதிரி கேம்களுக்கென்றே செய்த கட்டணத் தீர்வும் உண்டு. மூலக்கோட் கையில் இருந்தால் சானிடைசர் அதற்குள்ளும் பார்க்கும், எல்லாக் கணினியிலும் ஒரே கோட் ஓடும். டீபக் செய்யும் ஒருவரின் கண்ணோட்டத்தில் இது பெரிய நிம்மதி. விலையாக சிபியு வேலை கூடும், பழைய கோடெக் என்றால் அதே தரத்துக்குக் கோப்பு பெரிதாகும். எஃப்எஃப்எம்பெக் சேர்த்தால் எந்தப் பகுதிகளோடு கட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எல்ஜிபிஎல் அல்லது ஜிபிஎல் நிபந்தனைகள் வரும், எச்.264-க்குக் காப்புரிமை உரிமமும் தனியே பார்க்க வேண்டியிருக்கலாம்.

டீகோடரைத் தனி ப்ராசஸில் வைப்பது குரோம் போன்ற உலாவிகள் எடுத்த பாதை. கோடெக் விழுந்தாலும் கேம் விழாமல் ஓடும். ஆனால் டெக்ஸ்சர் பகிர்வு, ஒலி ஒத்திசைவு, விழுந்த ப்ராசஸை மீட்பது என்று புதிய வேலை குவியும். பயனர்கள் தரும் வீடியோக்களை ஓட்டும் கேமுக்கு இது தகும். நீங்களே செய்த பத்துப் பதினைந்து கட்சீன்களுக்கு வேண்டாம்.

காரணம் தெரியாமல் லைப்ரரியை மாற்றுவதில் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பஃபர் கணக்குப் பிழை உங்கள் பக்கத்தில் இருந்தால், அது புது லைப்ரரிக்கும் உங்களோடேயே வரும்.

## ஒரே பார்வையில்

| வழி | காரணம் தெரியுமா | நேரப்போக்கு | அந்நிய டிஎல்எல் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| டீபக்கர் அமைப்பு | வெறும் நிறுத்தத்துக்கு மட்டும் | மாறாது | பெயர் மட்டும் | ஒவ்வொரு கணினியிலும் திரும்பச் செய்ய வேண்டும் |
| டம்ப் | கடைசிக் கணம் தெரியும் | மிகக் குறைவாக மாறும் | சிம்பல் இருந்தால் | இடம், பிடிபி பராமரிப்பு |
| பேஜ் ஹீப் | ஹீப் பிழைக்கு ஆம் | மாறும் | பிடிக்கும் | மெமரி மிக அதிகம் |
| சானிடைசர் | ஆம், விவரமாக | மாறும் | பிடிக்காது | தனி பில்ட் |
| வீடியோவைத் தவிர்ப்பது | இல்லை | பொருந்தாது | பொருந்தாது | பிழை வெளியீட்டுக்குப் போகும் |
| டீகோடர் மாற்றம் | இல்லை | முழுக்க மாறும் | கட்டுப்பாடு கூடும் | பல வார வேலை, உரிமம் |

## எந்த நிலைமைக்கு எது

தொடர அழுத்தினால் ஓடிவிடுகிறது என்றால் வழி 1, அன்றைக்கே முடித்துவிட்டுக் குறிப்பு எழுதிவிடுங்கள்.

சத்தமில்லாமல் மூடுகிறது என்றால், பாதுகாப்பு உறை இல்லாத உள் பில்டில் முதலில் ஓட்டுங்கள். அங்கே சரியாக இருந்தால் உறைதான் காரணம். டீபக் செய்வதை அந்த பில்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் மூடினால் விண்டோஸ் பிழை அறிக்கை வழியாக டம்ப் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

ஆக்சஸ் வயலேஷன் அல்லது ஹீப் செய்தி என்றால், ஒரு டம்ப் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு நேராக வழி 3. இடம் மாறி மாறி விழுந்தால் டம்பைப் படிப்பதில் நாள் செலவழிக்காதீர்கள், பேஜ் ஹீப்பை இயக்குங்கள். ஒரே இடத்தில் விழுந்தால் டம்பே பதில் சொல்லக்கூடும்.

சோதனையாளரின் கணினியில் மட்டும் விழுகிறது, உங்களிடம் விழவில்லை என்றால் டம்பும் டிஎல்எல் பட்டியலும் வாங்குங்கள். அங்கே விஷுவல் ஸ்டூடியோவை நிறுவி உட்கார வேண்டியதில்லை.

வெளியீடு நெருங்கிவிட்டது, காரணம் சிக்கவில்லை என்றால் ஹார்ட்வேர் டீகோடிங்கை அணைத்து ஓட்டிப் பாருங்கள். கிராஷ் நின்றால் ஜிபியு பகிர்வின் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. விளையாடுபவரும் அதை அணைக்கும்படி கேம் அமைப்பில் ஒரு தேர்வு கொடுத்து வெளியிடலாம். அந்த பில்டின் பிடிபி கோப்புகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; வெளியீட்டுக்குப் பிறகு வரும் டம்புகளை அவை இல்லாமல் படிக்க முடியாது.